கை நிக்கக் கூடாது

இன்று காலை எண்ணூர் மின்சார வண்டியில் எனக்கு எதிரே ஓர் இளைஞன் உட்கார்ந்திருந்தான். மடியில் தோள்பையை நிமிர்த்தி வைத்து, அதன்மேல் போனைச் சாய்த்து நிறுத்தியிருந்தான். திரையில் ஒரு பெண். இருவரும் கைகளால் பேசிக்கொண்டிருந்தார்கள். கொருக்குப்பேட்டை தாண்டும்போது வழக்கமான அந்த எண்ணெய் நெடி பெட்டிக்குள் வந்தது. பாதிப்பேர் மூக்கைச் சுளித்தார்கள். அவன் அந்த நாற்றத்தையும் அவளுக்குக் கையாலேயே சொல்லிவிட்டான் போலிருக்கிறது, திரைக்குள் அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

படம் எங்கேயும் நிற்கவில்லை. தண்டையார்பேட்டையில் நிற்கவில்லை, திருவொற்றியூரிலும் நிற்கவில்லை. அவனுக்கு அது ஓர் ஆச்சரியமாகவே இல்லை. குழாயைத் திறந்தால் தண்ணீர் வருவதுபோல அவன் பாட்டுக்குப் பேசிக்கொண்டே வந்தான். நான்தான் இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் கடைசி வரைக்கும் போய்விட்டுத் திரும்பினேன். இதை உன்னிடம் சொல்ல வேண்டும் என்று இருந்தது. வேறு வழி தெரியவில்லை, எழுதுகிறேன்.

நாம் இரண்டு பேரும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். அண்ணா சாலைக்குப் பின்புறத் தெருவில், ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில் இருந்த சின்ன கம்பெனி. போனில் கேமரா வைத்து விற்க ஆரம்பித்திருந்த காலம். அந்தப் போன்களுக்குள் வீடியோவை ஓட வைக்கும் மென்பொருளை எழுதித் தருவது நம் வேலை. சேர்ந்த அன்றைக்கு எல்லாரும் தங்கள் ஊரைச் சொல்லி அறிமுகம் செய்துகொண்டார்கள். நான் வியாசர்பாடி என்று சொல்லாமல் 'நார்த் மெட்ராஸ்' என்று பொதுவாகச் சொல்லி வைத்தேன். நீ எழுந்து நின்று, அந்த மாடியே அதிரும் குரலில், "ராயபுரம். கல்மண்டபத்தாண்ட" என்றாய். யாரோ சிரித்தார்கள். நீ உட்காரும்போது என் பக்கம் திரும்பி, "நீ எங்க, வியாசர்பாடியா? பேச்சுலயே தெரியுது தோஸ்து" என்றாய். அதற்குப் பிறகு என் பெயரை நீ சொல்லி நான் கேட்டதில்லை. கடைசி வரை தோஸ்துதான்.

உன் குரலைப் பற்றி அலுவலகத்தில் புகார்கூட வந்தது. நீ போனில் பேசினால் அடுத்த அறையில் கூட்டம் நடத்த முடியவில்லை என்றார்கள். பேசும்போது உன் கைகளும் சும்மா இருக்காது. எதிரே இருப்பவரின் காபி தப்பினால் பெரிய விஷயம். ராயபுரத்துக்காரி, அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன். வேறு காரணம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

வியாசர்பாடி எம்.கே.பி. நகரில் எங்கள் வீட்டுக்கு நீ முதன்முதலில் வந்த ஞாயிற்றுக்கிழமை நினைவிருக்கிறது. மீன் குழம்பு சாப்பிட்டு முடித்ததும் என் அப்பா கேட்டார்: "இன்னா வேலைம்மா அது? இவளைக் கேட்டா ஒண்ணும் வெளங்க மாட்டேன்றா."

நீ தரையில் நன்றாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாய்.

"இப்ப மெயில் அனுப்புறாங்கன்னு வச்சிக்கோ நைனா. அத்த துண்டு துண்டா வெட்டித்தான் அனுப்புவாங்கோ. ஒரு துண்டு வழியில வுழுந்துடுச்சின்னா, திரும்ப கேட்டு வாங்குற வரைக்கும் பின்னால வர்ற அத்தினியும் காத்துகினு நிக்கும். மெயிலுக்கு அது கரெக்ட்டு. ஒரு எழுத்து கொறஞ்சாலும் தப்பாப் பூடும். ஆனா படம் அப்படி இல்ல. ஒருத்தன் ஸ்டாப்புக்கு வரலன்னு நம்ம பஸ்ஸ நிறுத்தி வச்சா, பின்னால கீற எல்லா பஸ்ஸும் நிக்கும்ல? வரலியா, வுடு. அடுத்த ஆளை ஏத்திகினு போய்கினே இரு. அதான் நாங்க பண்றது."

"அப்ப வுட்டுட்டு வந்தவன்?" என்றார் அப்பா.

"அவன் ஓடியாந்து சேர்றதுக்குள்ள அந்தப் படம் முடிஞ்சிருக்கும் நைனா. வந்து இன்னா பண்ணுவான்?"

அப்பா ரொம்ப நேரம் சிரித்தார். ஆனால் அந்தக் கேள்வியைத்தான் நானும் உன்னிடம் தினமும் கேட்டுக்கொண்டிருந்தேன். அனுப்பியது முழுசாகப் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் நான் படித்தது. ஒரு பாக்கெட், நீ சொன்ன அந்தத் துண்டு, தொலைந்தால் எனக்கு மனசே ஆறாது. நீ அனுப்பும் பக்கத்தை எழுதினாய், நான் வாங்கும் பக்கத்தை எழுதினேன். நான் திரும்பக் கேட்பேன், நீ தர மாட்டாய். இதை வைத்து நாம் போட்ட சண்டைகளில் பாதி மாடிப்படியில் நடந்தவை.

இப்போதைய போன்களை வைத்துக்கொண்டு அந்த நாட்களை யாருக்கும் விளக்க முடியாது. தீப்பெட்டி அளவு திரை. நினைவகம் அவ்வளவு சின்னது. வந்த படங்களைக் கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொண்டு நிதானமாகக் காட்டலாம் என்றால் வைக்க இடம் இல்லை. கணக்கு அதிகமாகப் போட்டால் போன் சுடும், பேட்டரி இறங்கிவிடும். இதற்கு மேல் சிக்னல். அதுவரை இருந்த வழிமுறைகள் எல்லாம் கம்பியில் போகும் இணையத்துக்காகச் செய்யப்பட்டவை. ஒரு பாக்கெட் தொலைந்தால் பாதையில் நெரிசல் என்று நினைத்து வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆனால் நம் போனில் பாக்கெட் தொலைவது நெரிசலால் இல்லை, வண்டி ஒரு கன்டெய்னர் வரிசைக்குப் பின்னால் போனதால். அந்த நேரத்தில் வேகத்தைக் குறைத்தால் சிக்னல் திரும்ப வந்த பிறகும் படம் நொண்டிக்கொண்டே இருக்கும். தொலைந்தது நெரிசலாலா, சிக்னல் போனதாலா என்று போனே கண்டுபிடிக்க வேண்டும். அதற்கே நமக்கு ஒரு மழைக்காலம் முழுக்க ஆனது.

சோதனைக்கு எண்ணூர் வண்டியைச் சொன்னது நீதான். "நம்ம லைன்ல ஓடிச்சின்னா உலகத்துல எங்க வேணா ஓடும்" என்றாய். உண்மைதான். யார்டு, கன்டெய்னர், எண்ணெய்த் தொட்டிகள், அனல் மின் நிலையத்துக் கம்பிகள். சிக்னல் ஏறி இறங்காத ஒரு ஸ்டேஷன்கூட அந்தப் பாதையில் இல்லை. நான் வண்டியில் போனைப் பிடித்துக்கொண்டு போவேன், நீ அலுவலகத்திலிருந்து அனுப்புவாய். என் திரையில் உன் முகம் கரைந்து பின்னாலிருக்கும் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். மற்ற நேரத்தில் மாறிய இடங்களை மட்டும்தான் அனுப்புவோம், அதனால் அடுத்த முழுப்படம் வரும்வரை அந்தச் சேறுதான். முழுப்படம் பெரிசு, அதை ஒரே மூச்சில் அனுப்பினால் வழியிலேயே செத்துவிடும். அப்போதுதான் நீ அதைச் செய்தாய். முழுப்படத்தை மொத்தமாக அனுப்பாமல், ஒவ்வொரு தடவையும் ஒரு பட்டை மட்டும் புதுசாக. சுவருக்கு வெள்ளையடிப்பதுபோல மேலிருந்து கீழே கொஞ்சம் கொஞ்சமாக. எது தொலைந்தாலும் கொஞ்ச நேரத்தில் தானாகவே சரியாகிவிடும், யாரும் யாரையும் திரும்பக் கேட்க வேண்டாம். அது ஓடியதைப் பார்த்த அன்று நான் என் கட்சியை விட்டு உன் கட்சிக்கு வந்தேன்.

ஆனால் ஒரு விஷயம் எனக்குப் புரியாமலே இருந்தது. எல்லாரும் தலையையும் தோளையும் வைத்துத்தான் சோதனை செய்தார்கள். நீ மட்டும் கேமராவை எப்போதும் இடுப்பு தெரிகிற அளவுக்குத் தள்ளி வைப்பாய். கையை ஆட்டுவாய். "முகம் கொஞ்சம் மங்கினா பரவால்ல. கை நிக்கக் கூடாது" என்பாய். பிறகு நீயே, "முகத்தையும் ரொம்ப மங்க வுடாத. புருவம் தெரியணும்" என்பாய். புருவம் எதற்கு என்று கேட்டால், "வேணும் தோஸ்து, அவ்ளோதான்" என்று பேச்சை மாற்றுவாய்.

நம் வாடிக்கையாளரான போன் கம்பெனிக்கு வேண்டியது கிரிக்கெட் துணுக்குகள். விக்கெட் விழுந்தால் அரை நிமிடப் படம், சத்தத்தோடு. இருவர் முகம் பார்த்துப் பேசும் வசதி ஓர் ஓரத்தில் இருந்தது. நம் மேலாளர் நல்ல மனிதர், ஆனால் அவர் கழுத்தில் எப்போதும் ஒரு கெடு தொங்கிக்கொண்டிருக்கும். ஒரு நாள் கூட்டத்தில் அவர், சிக்னல் குறைந்தால் முதலில் படத்தை விட வேண்டும், சத்தத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று முடிவாகச் சொல்லிவிட்டார். ஊரே அப்படித்தான் செய்தது. அது தப்பும் இல்லை.

நீ எழுந்தாய். "சார், சத்தத்தை மொத்தமா அணைச்சிட்டு, அதுக்குப் போற இடத்தையும் படத்துக்கே குடுக்குற மாதிரி ஒரு வழி வேணும்."

"சத்தமே இல்லாத வீடியோ கால் யாருக்கும்மா வேணும்?" அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டார்.

"எங்கம்மாவுக்கு சார்" என்றாய். "எங்கப்பாவுக்கும். ரெண்டு பேருக்கும் காது கேக்காது. பேச வராது. கையாலதான் பேசுவாங்க."

அந்த மாடியில் உன் குரலை அவ்வளவு மெதுவாக நான் அதற்கு முன் கேட்டதில்லை.

கூட்டம் முடிந்ததும் மாடிப்படியில் உன்னைப் பிடித்தேன். இவ்வளவு நாள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன், ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா இன்னா பண்ணுவ? பாவம்னு ஒரு பார்வை பாப்ப. ஸ்கூல்லருந்து அந்தப் பார்வைய பாத்துகினு வர்றேன். பேஜாரு தோஸ்து அது." பிறகு நீயே சிரித்தாய். "எனக்கு மொதல்ல வந்த பாஷை கைதான். வாய் அப்பால வந்தது. வூட்டுல யாரும் மெதுவாப் பேசுன்னு சொன்னதே கிடையாது. அதான் இந்தத் தொண்டை."

அந்த வாரமே உன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாய். மாதா கோயிலுக்குப் பின்னால், மீன்வலை காயும் சந்தில் கீழ்வீடு. வாசலில் நீ மணியை அழுத்தியதும் உள்ளே ஒரு பல்பு விட்டு விட்டு எரிந்தது. கதவு திறந்ததும் நான் எதிர்பார்த்தது அமைதியை. ஆனால் உள்ளே ஒரே ரகளை. உன் அம்மா தையல் மெஷினை அப்படி மிதித்துக்கொண்டிருந்தார். அடுப்பில் மூடி தடதடவென்று ஆடியது. உன் அப்பா பாத்திரங்களைக் கழுவிக் கழுவிக் கூடையில் வீசினார். "இந்தப் பேட்டையிலயே சத்தமான வூடு எங்க வூடுதான்" என்று நீ கத்திச் சொன்னாய். கத்தினால்தான் எனக்கே கேட்கும்.

உன் அப்பா திருவொற்றியூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பிட்டராக இருந்தார். உன் அம்மா பள்ளிக்கூடம் போகாதவர். அவருக்குத் தன் கையெழுத்துக்கு மேல் எழுதவோ படிக்கவோ வராது. அதனால் எஸ்.எம்.எஸ். வந்த பிறகும் அந்த வீட்டில் ஒன்றும் மாறவில்லை. காலையில் உன் அப்பா கதவைத் தாண்டினால், சாயங்காலம் திரும்பி வந்து எதிரே நிற்கும் வரை, இருவருக்கும் இடையில் ஒரு வார்த்தை கிடையாது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அப்படித்தான்.

நீ பத்தாவது படிக்கும்போது நடந்ததை அன்று சொன்னாய். அப்பா வேலை செய்த தொழிற்சாலைக்குப் பக்கத்தில் ஏதோ தொட்டி தீப்பிடித்தது. செய்தி ராயபுரத்துக்கு வந்ததும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஓடினாய். கேட்டுக்கு வெளியே கூட்டம். ஆளுக்கொரு பேச்சு. ஒருவன் நாலு பேர் என்கிறான், இன்னொருவன் பத்துப் பேர் என்கிறான். உன் அம்மா உன் தோளைப் பிடித்து உலுக்கி, அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நீ எதையும் சொல்லவில்லை. எனக்கும் கேட்கவில்லை என்று கையால் சொன்னாய். அப்பா அதற்குள் பின்பக்க கேட் வழியாக வெளியே வந்து வீட்டுக்கு நடந்துவிட்டார். வீடு பூட்டியிருந்ததைப் பார்த்து உங்களைத் தேடி அவர் திரும்ப ஓடினார். அந்த மத்தியானம் முழுக்க, உயிரோடு இருந்த அப்பாவைச் செத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு நீங்கள் இருவரும், உங்களைத் தேடிக்கொண்டு அவரும் அந்த ரோட்டில் அலைந்தீர்கள்.

"அன்னிக்கு ரெண்டு கை தெரியற மாதிரி ஒரு சின்ன படம் இருந்திருந்தா போதும் தோஸ்து" என்றாய்.

மேலாளரை நீ விடவில்லை. பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லுங்கள், பார்க்காமல் சொல்லாதீர்கள் என்றாய். ஒரு சனிக்கிழமை அவர் என்னோடு ராயபுரத்துக்கு வந்தார். நீயும் உன் அப்பாவும் ஒரு போனோடு எண்ணூர் வண்டி ஏறினீர்கள். இன்னொரு போன் எங்களிடம். கைகள் இரண்டும் காலியாக இருந்தால்தானே பேச முடியும், அதனால் உன் அப்பா கம்பியை வளைத்து இரண்டு தாங்கிகள் செய்திருந்தார். உன் அம்மா தையல் மெஷினை மூடி அதன்மேல் போனை நிறுத்திவிட்டு, புடவையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார். புகைப்படம் எடுக்க உட்கார்வதுபோல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

திரையில் உன் அப்பா வந்தார். கன்னத்தில் ஜன்னல் கம்பியின் நிழல் ஓடியது. அவர் கைகளைத் தூக்கி ஏதோ சொன்னார். உன் அம்மா அசையவில்லை. படம் வரவில்லையோ என்று நான் பதறிப்போய் எட்டிப் பார்த்தேன். வந்துகொண்டுதான் இருந்தது. அவர் பதில் சொல்ல மறந்துபோய் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் திடீரென்று இரண்டு கைகளும் பறந்தன. எனக்கு ஒன்றும் புரியவில்லை. நீ வண்டியிலிருந்து இன்னொரு போனில் என்னைக் கூப்பிட்டு, சிரித்துக்கொண்டே சொன்னாய்: "இன்னா சொல்லுதுன்னு தெரியுமா? காலர் கிழிஞ்ச சட்டைய போட்டுகினு ஊருக்கு முன்னால போய் நிக்கிறியேன்னு ஏசுது!"

தண்டையார்பேட்டையில் படம் கரைந்தது. உன் அம்மாவின் கைகள் பாதியில் நின்றன. மேலாளர் திரைக்கு அருகே குனிந்தார். மேலிருந்து பட்டை பட்டையாக உன் அப்பா திரும்ப வந்தார். முதலில் தலைமுடி, அப்புறம் நெற்றி, புருவம். புருவம் வந்த உடனேயே உன் அம்மா பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டார். அவர் ஏதோ கேள்வி கேட்கிறார் என்று அதிலேயே புரிந்துவிட்டது. கை வரும்வரைகூடக் காத்திருக்கவில்லை.

திருவொற்றியூர் தாண்டியதும் உன் அப்பா போனை ஜன்னல் பக்கம் திருப்பினார். தான் வேலை செய்யும் இடத்தின் சுவரைக் காட்டினார். பிறகு எண்ணூரில் கழிமுகம், தூரத்தில் புகைபோக்கிகள், சாம்பல் நிறத் தண்ணீரில் ஒரு படகு. திரையில் எல்லாம் கட்டம் கட்டமாகத்தான் தெரிந்தது. உன் அம்மா முகத்தைத் திரையோடு ஒட்டி வைத்துக்கொண்டு பார்த்தார். அதற்குள் போன் நெருப்பாகச் சுட்டு அணைந்துவிட்டது. அவர் அதை முந்தானையில் சுற்றிக் கொஞ்ச நேரம் மடியிலேயே வைத்திருந்தார்.

திரும்பும் பேருந்திலிருந்து இறங்கும்போது மேலாளர் சொன்னார்: "அந்த வழியை எழுதிடுங்க. கெடுவை நான் பார்த்துக்கறேன்."

எழுதினோம். ஆனால் அது கடைக்கு வரவில்லை. வாடிக்கையாளர் கிரிக்கெட் துணுக்குகளோடு நிறுத்திக்கொண்டார்கள். முகம் பார்த்துப் பேசும் வசதியைப் பிறகு பார்க்கலாம் என்று ஒதுக்கினார்கள். அந்தப் பிறகு வருவதற்குள் கம்பெனியே வேறொருவர் கைக்குப் போனது. நான் அழுதேன். நீ அழவில்லை. மேலாளரிடம் நேராகப் போய், சோதனைப் போன்களை இனி யாரும் தொடப் போவதில்லை, எங்களுக்குத் தந்துவிடுங்கள் என்று கேட்டு வாங்கினாய். ஞாயிறு பூசைக்குப் பிறகு மாதா கோயில் கூடத்தில் உன் பெற்றோரைப் போன்றவர்கள் கூடுவார்களே, அவர்களில் வெளியூரில் வேலை செய்பவர்களாகப் பார்த்துப் பிரித்துக் கொடுத்தாய். பழுதானால் சரிசெய்து கொடுத்தாய். அப்புறம் வேகமான இணையமும் பெரிய போன்களும் வந்தன. நம் பட்டைகளுக்கு அவசியம் இல்லாமல் போனது. "போவட்டும் தோஸ்து. அது வர்ற வரைக்கும் நம்மளது ஓடிச்சில்ல?" என்றாய்.

உன் நோயைப் பற்றி அதிகம் எழுத எனக்குத் தெம்பில்லை. ரத்தத்தில் வந்தது. கிருமி தொற்றக்கூடாது என்று உன்னைத் தனி அறையில் வைத்தார்கள். ஒருவர் மட்டும் முகமூடி போட்டுக்கொண்டு உள்ளே வரலாம். உன் அம்மாவுக்கு அப்போது இருமல், அதனால் அவரை உள்ளே விடவில்லை. மருந்தின் வேகத்தில் உன் வாயெல்லாம் புண்ணாகி, தொண்டை அடைத்து, ஒரு வாரத்தில் பேச்சு நின்றுபோனது. அந்த மாடியை அதிர வைத்த குரல். என்னிடம் பேச நீ சைகை காட்டித் தடுமாற வேண்டியிருந்தது, எனக்கு உன் பாஷை தெரியாதே.

ஆனால் உன் அம்மாவிடம் உனக்கு எந்தக் குறையும் இல்லை. வராந்தாவில் அவர் ஒரு போனோடு, உள்ளே நான் ஒரு போனைப் பிடித்துக்கொண்டு. ஒரு கையில் ஊசி ஏற்றியிருந்ததால் மற்ற கையால் மட்டும் பேசினாய். பேசினாய் பேசினாய், அப்படிப் பேசினாய். மருத்துவர்கள் பேச்சு நின்ற நோயாளி என்று குறித்து வைத்திருந்த நீ அங்கே ஊர்க்கதை எல்லாம் பேசிக்கொண்டிருந்தாய். போனைப் பிடித்திருந்த எனக்கு உன் கை மட்டும்தான் தெரியும். பார்த்துப் பார்த்து ஒன்றிரண்டு வார்த்தைகள் எனக்கு விளங்க ஆரம்பித்தன. சாப்பாடு. வலி. இல்லை. அப்பா. நாளைக்கு. நான் முதன்முதலில் உன்னிடம் கையால் கேட்ட கேள்வி 'வலிக்கிறதா' என்பது. புருவத்தைத் தூக்க மறந்துவிட்டேன். நீ விரலால் என் புருவத்தைத் தொட்டு மேலே தள்ளினாய். அப்புறம்தான் 'இல்லை' என்று பதில் சொன்னாய். அது பொய் என்று எனக்குத் தெரியும்.

கடைசி நாளில் உன் கை தூக்க முடியாமல் போர்வைமேல் கிடந்தது. விரல்கள் மட்டும் அசைந்தன. நான் போனை அதற்குப் பக்கத்தில் கொண்டு போனேன். நீ என்ன சொன்னாய் என்று எனக்குப் புரியவில்லை. திரையை எட்டிப் பார்த்தபோது உன் அம்மா தலையாட்டி, தலையாட்டி, பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அவரிடம் அதை நான் இன்றுவரை கேட்டதில்லை.

இப்போது ரேஷன் கடைக்கும் கண் ஆஸ்பத்திரிக்கும் உன் பெற்றோருக்குப் பேச்சுத் துணையாக நான்தான் போகிறேன். நீ சின்ன வயதிலிருந்து செய்த வேலை. அரைகுறையாகச் செய்கிறேன். என் கைகளைப் பார்த்து உன் அப்பா விழுந்து விழுந்து சிரிக்கிறார். போன மாதம் மாத்திரையைச் 'சாப்பாட்டுக்குப் பிறகு' என்று சொல்வதற்குப் பதிலாக 'கல்யாணத்துக்குப் பிறகு' என்று சொல்லிவிட்டேனாம்.

ஒரு மத்தியானம் உன் அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். உன் அம்மா ரவிக்கைக்கு ஊக்கு தைத்துக்கொண்டிருந்தவர், அதைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் ஒன்று கேட்டார். எனக்கு முதலில் விளங்கவில்லை. திரும்பவும், நிதானமாகக் கேட்டார். உன் பெயருக்காக அவர் கையால் செய்யும் அடையாளம், அப்புறம் தொண்டை, அப்புறம் 'எப்படி'. புருவம் உயர்ந்தே இருந்தது.

அவளுடைய குரல் எப்படி இருக்கும்?

உன்னைப் பெற்றவர். உன் கைப்பேச்சின் ஒவ்வொரு வளைவும் அவருக்குத் தெரியும். ஆனால் உன் குரலைக் கேட்டிருந்தது நான். நான் என்னென்னவோ செய்து பார்த்தேன். கைகளை அகல விரித்தேன். பெரிசு என்று சொன்னேன். ஜன்னல் நடுங்குவதுபோலக் காட்டினேன். பக்கத்து அறைக்காரர்கள் காதைப் பொத்திக்கொண்டதை நடித்துக் காட்டினேன். அவர் சிரித்தார், ஆனால் போதவில்லை என்று தலையசைத்தார். எழுந்து வந்து என் எதிரே உட்கார்ந்தார். ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன தன் உள்ளங்கையை என் கழுத்தில் வைத்தார். அவள் பேசுவதுபோல நீ பேசு என்றார்.

அந்த வீட்டுக்குள் நான் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. கண்ணை மூடிக்கொண்டேன். சண்டை போடும்போது நீ கத்தியதையெல்லாம், மாடிப்படியில் நீ சொன்னதையெல்லாம், உன் இழுப்போடு, உன் ராயபுரத்தோடு, அந்தச் சந்துக்கே கேட்கும்படி கத்திப் பேசினேன். தூங்கிக்கொண்டிருந்த உன் அப்பா புரண்டுகூடப் படுக்கவில்லை. தெருவில் போன யாரோ நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். நான் நிறுத்தவில்லை. உன் அம்மா கையை எடுக்கவில்லை.